இடது கையும் ஓவர்லாக் காலும்

சர்ச்சில் பியானோ வாசிக்கிறவரை, அவர் தப்பாக வாசிக்கிற நாள் வரைக்கும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சபைக்கு முதுகைக் காட்டியே காலம் தள்ளிய சக வாத்தியக்காரர்களே, இது உங்களுக்குத் தெரியாததா? பாட்டு நன்றாக இருந்தால் பாடினவர்களுக்குப் புகழ். பிசகினால் பியானோக்காரிக்கு அர்ச்சனை.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஸ்டெல்லா. அப்பா அம்மா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் திருப்பூர்தான். திங்கள் முதல் சனி வரை பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், வெட்டின துணியை ஓரம் அடித்துச் சேர்க்கிறவள். அங்கே எனக்குப் பெயர் கிடையாது, 'நாலாம் நம்பர் மிஷின்' என்றால் நான்தான். ஞாயிற்றுக்கிழமை பியானோ ஸ்டூலில் உட்கார்ந்தால்தான் நான் ஸ்டெல்லா. பதினோரு வருஷம் இரண்டும் நன்றாகவே ஓடின. போன வருஷம் மழையில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டில் நரம்பு போய்விட்டது. மூன்று விரல்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

கம்பெனி என்னைச் செக்கிங் டேபிளுக்கு மாற்றியது. தைத்து வந்த பனியனில் ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அதற்கு ஒரு கையும் இரண்டு கண்ணும் போதும். சர்ச்சுக்குத்தான் ஒரு கை போதவில்லை.

முதுகு மட்டும் போதும்

எங்கள் சபைச் செயலாளர் தேவராஜ் அண்ணன் தங்கமான மனிதர். கெட்ட செய்தியைக்கூட ஒரு கிலோ ஆரஞ்சோடுதான் கொண்டுவருவார். அன்றைக்கும் ஆரஞ்சு வந்தது. பைக்குள்ளே ஒரு பென் டிரைவும் இருந்தது. எல்லாப் பாட்டுக்கும் வாத்திய இசை அதில் ஏற்றியிருக்கிறதாம். பட்டனைத் தட்டினால் சர்ச் முழுக்கக் கேட்குமாம்.

எனக்கு அழுகை ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். கோபம்தான் முந்திக்கொண்டது. "அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. காணிக்கை நேரத்துக்கு நான் வாசிக்கிறேன், ஒத்தக் கையில" என்று சொல்லிவிட்டேன். அறுப்பின் பண்டிகை என்றால் விளைந்ததை எல்லாம் பீடத்துக்குக் கொண்டுவந்து படைக்கிற நாள். வரிசையாக எல்லோரும் வந்து வைத்து முடிக்கும்வரை பாட்டு கிடையாது, பியானோ மட்டும்தான். வாசிக்கிறவர் திணறினால் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அண்ணனுக்கும் அது தெரியும். "சரிங்க, பார்க்கலாமுங்க" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே என்னைத் தேற்றுகிற நினைப்பில் இன்னொன்றும் சொன்னார்.

"ஆகலைன்னாலும் வெசனப்படாதீங்க. பென் டிரைவப் போட்டுட்டு நீங்க சும்மா ஸ்டூல்ல உக்காந்துக்கங்க. சபைக்கு உங்க முதுகுதானுங்களே தெரியும்?"

ஓட்டை தேடும் விரல்

எங்கள் சர்ச் பியானோவின் ஸ்டூல் மூடி போட்ட பெட்டி மாதிரி. உள்ளே யாரோ எந்தக் காலத்திலோ விட்டுப்போன இசைப் புத்தகங்கள் கிடக்கும். அவற்றில் ஒன்று இடது கைக்கு மட்டும் என்றே எழுதியது. பதினாறு வயதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், 'இரண்டு கையை வைத்துக்கொண்டு எவன் இதை வாசிப்பான்' என்று. சிரித்தவளுக்கே அது தேவைப்பட்டது. அதிலேயே கடைசிப் பாடம், மூன்று பக்கம், பார்த்தாலே வேர்க்கும். எனக்கு வந்த வீம்பில் அதையே எடுத்தேன்.

வித்தை இதுதான்: சுண்டுவிரல் கீழே அடிச்சுரத்தைத் தட்டிவிட்டு ஓட வேண்டும். அது அடங்குவதற்குள் கட்டைவிரல் மேலே போய் ராகத்தைப் பிடிக்க வேண்டும். நடு விரல்கள் இடையில் கிடைத்த இடத்தை நிரப்ப வேண்டும். இத்தனை வருஷம் வலது கை மாப்பிள்ளை மாதிரி முன்னே போக, இடது கை பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு வந்தது. திடீரென்று அதையே மணவறையில் உட்கார வைத்தால் அது என்ன செய்யும்? பாதி நாள் பயந்து நடுங்கியது, பாதி நாள் வீங்கியது.

பயிற்சிக்கு நேரம் போதாமல் செக்கிங் டேபிளிலும் விரல் தானாகத் தட்ட ஆரம்பித்தது. விரித்த பனியனின் நெஞ்சில் சுண்டுவிரல், தோளில் கட்டைவிரல். பக்கத்து இடத்தில் ருக்மணி. சேவூரிலிருந்து கம்பெனி வண்டியில் வருகிறவள். முன்னே கழுத்துப்பட்டியில் லேபிள் வைத்துத் தைக்கிற டெய்லராக இருந்து, கண் வலி என்று செக்கிங்குக்கு வந்தவள். இரண்டு நாள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க்கா, நீங்க ஓட்டையத் தேடறீங்களா, புதுசாப் போடறீங்களா?"

வழுக்கும் மிதி

வீட்டில் என்னிடம் இருப்பது கீபோர்டு. அதன் பெடல் சோப்பு டப்பா அளவில் ஒரு சமாச்சாரம். ஒற்றைக் கை வாசிப்பில் கையை விடக் காலுக்குத்தான் வேலை அதிகம். கை மேலே ஓடிப்போன பிறகும் கீழே தட்டின சுரம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். நான் மிதிக்க மிதிக்க அது டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். முதல் பக்கம் முடிவதற்குள் என் கால் கட்டிலுக்கு அடியில் இருக்கும்.

கம்பெனி மெக்கானிக் பழனிச்சாமி அண்ணனிடம் புலம்பினேன். அடுத்த ஞாயிறு மத்தியானம் வீட்டு வாசலில் வந்து நின்றார், கையில் கம்பெனித் தையல் மிஷினைத் தாங்குகிற பழைய பவர் டேபிளின் இரும்பு மிதி. கீபோர்டு ஸ்டாண்டுக்குக் கீழே அதைப் போல்ட் போட்டு முடுக்கி, அதன் அடியில் என் சோப்பு டப்பாவைப் பொருத்தினார். காலை வைத்தேன். பதினோரு வருஷம் மிதித்த அதே அகலம், அதே சரிவு. கால் தன் வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அவர் முன்னாலேயே கண் கலங்கிவிட்டேன். அவர் ஸ்பேனரைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

"கை ஒண்ணு போனா என்ன கண்ணு? பதினோரு வருசம் சர்வீஸ் போட்ட காலு இருக்குதல்லோ!"

கீழ் வீட்டுச் சந்தேகம்

காலை ஐந்து மணிக்கு எழுந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்பேன். எனக்கு மட்டும் சங்கீதம் கேட்கும். கீழே குடியிருக்கிற வீட்டுக்கார அம்மாவுக்கு இரும்பு மிதி மட்டும் கேட்டிருக்கிறது, 'டக்கு டக்கு' என்று. ஒரு வாரம் பொறுத்தார். எட்டாம் நாள் மேலே வந்து, கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார். திருப்பூரில் வீட்டுக்குள் மிதிச் சத்தம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"மிஷின் ஓடுதுங்க, துணியத்தான் காணமுங்க. ஊட்டுல பனியன் தெக்கறதுன்னா கரண்டு கமர்சியல்ல வாங்கோணும் கண்ணு, எம்பட மீட்டர்ல ஓட்டாதீங்க!"

லேபிள் வைக்கிற கால்

மூன்றாம் மாதம் மூன்று பக்கமும் மனப்பாடம். பக்கம் திருப்ப இன்னொரு கை இல்லாதவளுக்கு வேறு வழி? ஒரு தப்பு இல்லை. செல்போனில் பதிவு செய்து பெருமையோடு கேட்டேன். எல்லாச் சுரமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, புதுப் பேருந்து நிலையத்தில் பத்து கண்டக்டர்கள் ஒன்றாகக் கூவுகிற மாதிரி இருந்தது. கை சரி. அப்படியென்றால் எது தப்பு? இரண்டு வாரம் கண்டுபிடிக்க முடியவில்லை. பென் டிரைவே மேல், பேசாமல் முதுகைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று ஒரு நாள் நிஜமாகவே நினைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் அதை ருக்மணிக்குப் போட்டுக் காட்டினேன். அவளுக்குச் சங்கீதம் தெரியாது. தயிர் சாதத்தைப் பிசைந்தபடி கேட்டாள். "ஏனுங்க்கா, இதுல கால் எங்க வருது?" என்றாள். மேஜைக்கு அடியில் மிதித்துக் காட்டினேன். குனிந்து என் காலையே பார்த்தவள் சிரித்துவிட்டாள். ஓவர்லாக் தைக்கிற நாங்கள் காலை எடுக்க மாட்டோம். ஒரு பனியன் முடிவதற்குள் அடுத்ததைக் கொடுத்து, நூலைக்கூட அறுக்காமல் சங்கிலியாக ஓட்டிக்கொண்டே போவோம். காலைத் தூக்கினால் லைன் நின்றுபோகும், சூப்பர்வைசர் வந்துவிடுவார். பியானோவிலும் அதையேதான் செய்திருக்கிறேன். ஒரு தரம் மிதித்த கால் மிதித்தபடியே. பழைய சுரம் போகாமல் புதுசு வந்து அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. லேபிள் தைக்கிறவர்கள் அப்படி இல்லை. காலை எடுப்பார்கள், லேபிளை வைப்பார்கள், வைத்த பிறகே மிதிப்பார்கள். கழுத்துக்குக் கழுத்து அதே கதை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அதே மாதிரி செய்தேன். புதுச் சுரம் விழும்போது கால் மேலே, விழுந்த பிறகு கீழே. ஹெட்போனுக்குள் ராகம் தண்ணீர் மாதிரித் தெளிந்து வந்தது. வீட்டுக்கார அம்மா என்ன நினைத்தாலும் சரி என்று சத்தமாகச் சிரித்தேன். இருபது வருஷம் பியானோ வாசித்தவளுக்குப் பாடம் எடுத்தது முந்தின நாள் ருக்மணி சொன்ன ஒரே ஒரு வாக்கியம்.

"நீங்க ஓவர்லாக் கால்ல வாசிக்கறீங்க்கா, லேபிள் வெக்கற கால்ல வாசிச்சுப் பாருங்க."

பூசணிக்காயும் டீ-சர்ட்டும்

பண்டிகை நாள். பழனிச்சாமி அண்ணனும் ருக்மணியும்கூட வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சர்ச்சுக்குள் அவர்கள் வருவது அதுதான் முதல் தடவை. தேவராஜ் அண்ணன் சவுண்டு சிஸ்டத்துக்குப் பக்கத்தில் நின்றார். சட்டைப் பையில் பென் டிரைவ் துருத்திக்கொண்டு தெரிந்தது.

காணிக்கை ஆரம்பித்தது, நானும் ஆரம்பித்தேன். சுண்டுவிரல் தட்டியது, கட்டைவிரல் எட்டிப் பிடித்தது, கால் லேபிள் வைத்தது. எங்கள் சபையில் பாதிப் பேர் தோட்டக்காரர்கள், பாதிப் பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். வாழைத்தாரும் பூசணிக்காயும் ஒரு பக்கம் போக, டஜன் டஜனாக டீ-சர்ட் ஒரு பக்கம் போகும். காலைக் கட்டின சேவல் ஒன்று என் ராகத்துக்கு நடுவே ஒரு தரம் கூவியது. கை அசரவில்லை.

மூன்றாம் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்து, முழங்கை இடுக்கு வழியாகப் பின்னால் பார்த்தேன். விளைச்சல் நல்ல விளைச்சல். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. என்னிடம் இருந்தது இன்னும் ஒரே ஒரு வரி. தேவராஜ் அண்ணனின் கை சட்டைப் பைக்குப் போனது.

அப்போது நான் யோசிக்கவில்லை, கால்தான் யோசித்தது. கடைசிச் சுரத்தைத் தட்டினேன், காலை எடுக்கவில்லை. ஓவர்லாக்கில் ஒரு பனியன் ஊசியை விட்டு வெளியே போகும்போதே அடுத்ததை உள்ளே கொடுப்போமே, அதே மாதிரி அந்தச் சத்தம் அடங்குவதற்கு முன்னால் முதல் பக்கத்தின் முதல் சுரத்தை உள்ளே கொடுத்தேன். ஒட்டுப் போட்ட இடம் யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் சுற்று முடிந்தது, மூன்றாவதும் ஓடியது. கை எரிந்தது, தோள் மரத்தது, எனக்குள் இருந்த பயமெல்லாம் ஒழிந்தே போனது. கடைசிப் பூசணிக்காய் பீடத்தில் உட்கார்ந்த பிறகுதான் காலைத் தூக்கினேன். சர்ச்சில் கை தட்டுகிற வழக்கம் இல்லை. கடைசி பெஞ்சுக்கு அது தெரியாது. இரண்டு பேர் தட்டினார்கள், பிறகு சபை மொத்தமும் தட்டியது. நான் வெட்கமே இல்லாமல் அழுதேன்.

ஆராதனை முடிந்ததும் தேவராஜ் அண்ணன் வந்தார். பென் டிரைவைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்து, மறுபடி உள்ளே போட்டுக்கொண்டார். பியானோவை ஒரு சுற்று சுற்றி வந்து, மூலையில் கை வைத்து, தள்ள முடிகிறதா என்று பார்த்தார்.

"அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள இதைத் திருப்பிப் போட்டறலாமுங்க. உங்க முதுகப் பார்த்தது போதுமுங்க, சபைக்கு உங்க கை தெரியோணும்."

இப்போது ஞாயிறுதோறும் என் கை எல்லோருக்கும் தெரிகிறது; ஒற்றைக் கையால் வாசிப்பதில் மிச்சம் இருக்கிற ஒரே கஷ்டம், சுரம் பிசகினால் பழியைப் போட இன்னொரு கை இல்லை என்பதுதான்.