அப்பா காரின் பின் ஆக்சில்

ஊரில் பாதிப் பேர் வாயில் இருப்பது அப்பாவின் கைவேலை. பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்துகொடுத்தவர். அவருடைய காருக்குப் பல் போனபோதுதான் அவர் கையில் ஒன்றும் இல்லை.

அவர் பிறப்பதற்கு முன்பே தயாரிப்பு நின்றுபோன கார் அது. கம்பெனியும் இப்போது இல்லை. அப்பா அதை மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டமாட்டார். ஆளில்லாத தெருமுனையிலும் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். சைக்கிள்காரர்கள் கையசைத்துவிட்டு முந்திப் போவார்கள்.

ஒருநாள் பின்பக்கம் 'கடக்' என்றது. கார் நின்றது. அப்பா பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை ஆக்சிலுக்குள் விட்டுப் பார்த்தார். பின்சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரம் உடைந்திருந்தது.

"மூணு கடைவாய்ப் பல் போச்சு," என்று அம்மாவிடம் வந்து சொன்னார்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். உதவிக்குப் போனேன். "நீ எக்ஸ்ரே மாதிரி வரைபடத்தைப் பாக்கற ஆளு. வாயைத் திறன்னு சொல்லமாட்டே," என்று விரட்டினார். பல் அளவெடுக்கும் மாவில் அச்செடுத்து, உலோகத்தில் வார்த்து, தானே மூன்று பல் கட்டினார். கார் வாசல் கேட் வரை வந்தது; அங்கே அந்தப் பல்லும் உடைந்தது. அதன் பிறகு வருடக்கணக்கில் ஷெட்டில் செங்கல் மேல் நின்றது.

இந்த வருடம் அப்பா போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள் கலைந்ததும் சித்தப்பா ஷெட்டை எட்டிப் பார்த்தார்.

"அண்ணி, இது ஓடினா இருக்கட்டும். ஓடலேன்னா எடைக்குப் போட்டுடலாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். அழத் தெரியாத எனக்கு ஒரு வேலை கிடைத்தது.

பழைய இரும்புக் கடைகளில் காரின் பெயரைச் சொன்னேன். பிஸ்கட்டா என்று கேட்டார்கள். கடல் தாண்டி இருந்த ஒரு சேகரிப்பாளருக்கு எழுதினேன். கிடைத்தால் தனக்கும் ஒன்று வேண்டும் என்று பதில் வந்தது. கடைசியில், அதே கம்பெனியின் பால் வேனுக்கும் இதே ஆக்சில்தான் என்று தெரிந்தது. வேன்கள் எப்போதோ மக்கிவிட்டன. ஒரு ஆக்சில் மட்டும் செங்கல் சூளையில், தண்ணீர் டேங்க் வைத்த டிரெய்லரைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அடியில் படுத்து அளந்தேன். இருந்தபடியே படம் வரைந்தேன். எண்ணெய் வடிக்கும் மூடி மேல்பக்கம் இருந்தது. கைக்கு எட்டுகிறதே, நல்ல டிசைன் என்று மெச்சிக்கொண்டேன். டிரெய்லருக்கு வேறு ஆக்சில் வாங்கிக் கொடுத்து, இதைக் கொண்டுவந்து படத்தில் உள்ளபடி மாட்டினேன்.

சித்தப்பா முன்னிலையில் ஸ்டார்ட் செய்தேன். முதல் கியர். கார் பின்னால் போய் ஒரு பூந்தொட்டியை உடைத்தது. இரண்டாவது கியரில் அடுத்த தொட்டி.

"ஏம்மா, நாலு வருஷம் படிச்சியே. முன்பக்கம் எதுன்னு சொல்லித் தரலையா?" என்றார் சித்தப்பா.

அப்போதுதான் உறைத்தது. எண்ணெய் மேல்நோக்கி வடியாது. டிரெய்லருக்கு எஞ்சின் கிடையாது. ஆக்சிலைக் கவிழ்த்து மாட்டினாலும் உருளும். காரில் கவிழ்த்து மாட்டினால் சக்கரம் எதிர்த்திசையில் சுழலும். யாரோ அவசரத்தில் செய்த தப்பை நான் மில்லிமீட்டர் பிசகாமல் செய்திருந்தேன். காருக்கு இப்போது மூன்று ரிவர்ஸ் கியர், முன்னால் போக ஒன்றே ஒன்று.

"எடைக்காரனுக்குச் சொல்லிடவா அண்ணி?"

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். "அந்த ஒரு கியர்ல போ," என்றாள் என்னிடம்.

ரிவர்ஸ் போட்டேன். கார் முன்னால் நகர்ந்து கேட்டைத் தாண்டியது. சித்தப்பா பக்கத்திலேயே நடந்து வந்தார். ஒரு சைக்கிள் எங்களை முந்திப் போனது.

"கழட்டித் திருப்பி மாட்டிடறேம்மா. சரியாயிடும்."

"மெதுவா மாட்டு. இதுதான் அவர் ஸ்பீடு."

சித்தப்பா ஜன்னல் பக்கம் குனிந்தார். "ஓடுதுன்னுதான் சொல்லணும்."

தெருமுனை வந்தது. ஆளில்லை. எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. அம்மா குறுக்கே கையை நீட்டி இரண்டு தடவை ஹாரன் அடித்தாள்.