படுக்கும்முன் ஊற்றிய பிராந்தி

அப்பா ஆம்பூரில் ஒரு தோல் ஷெட்டில், சுண்ணாம்புத் தொட்டியில் தோல் ஊறவைக்கும் வேலை செய்கிறார். தூக்கத்தில் அவருடைய குறட்டை திடீரென்று நின்றுவிடும், கூடவே மூச்சும். அம்மா உலுக்கினால்தான் திணறிக்கொண்டு மூச்சு திரும்பும். ஷெட்டு நாற்றம் நெஞ்சில் இறங்கிவிட்டது என்றே நம்பினோம். அதைக் கழுவ எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த மருந்து பிராந்தி. படுக்கும்முன் அம்மாவே ஊற்றிக் கொடுப்பாள்.

வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் இருவரையும் வேலூருக்கு அழைத்துப்போனேன். டாக்டர் அப்பாவின் தடித்த கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், வாய்க்குள் விளக்கடித்தார். கோளாறு நெஞ்சில் இல்லை, தொண்டையில் என்றார். கழுத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது, தாடை சிறியது. தூங்கும்போது நாக்கு பின்னால் சரிந்து மூச்சுவழியை அடைக்கிறது. குடித்தால் தொண்டைச் சதை இன்னும் தளர்ந்துபோகும். "ராத்திரில ஒரு சொட்டு கூடாது. ஒரு நாள் மூச்சு திரும்பாமலே போய்டும்" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பஸ்ஸில் அப்பா சிரித்தார். "டாக்டரு ஒரு நாள் தொட்டில எறங்கிப் பாக்கட்டும். குடிக்காம அந்த நாத்தத்தோட சோறு எறங்குமா? படிச்சவனே, நீ சொல்லு."

"வேற வேலைக்குப் போய்டுப்பா."

"இந்த வயசுல எவன்டா குடுப்பான்?"

அன்று அம்மா ஊற்றித் தரவில்லை. அப்பாவே எழுந்துபோய் ஊற்றிக்கொண்டார். அதன்பின் தினமும் அப்படித்தான். இப்போது நானும் அம்மாவும் முறை வைத்துக்கொண்டு விழித்திருந்து அவரை உலுக்குகிறோம்.