வியாழக்கிழமை நோன்பு

தடைக்காலம் முடிந்து கோட்டைப்பட்டினத்து விசைப்படகுகள் கடலுக்குப் போன வாரத்தில்தான் தம்பி தன் வலது கன்னத்தில் அறைந்துகொள்ளத் தொடங்கினான். ஆனி முதல் வாரம். நாள்களைக் குறித்துவைப்பது என் வழக்கம் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. அவனுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைந்தவன். பேசுவது சில சொற்கள்தான். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. மீன் குழம்பை அவன் ஒதுக்கியபோதுதான் பல் என்று எனக்குப் பிடிபட்டது.

புதுக்கோட்டை பல் மருத்துவரிடம் அவன் வாயைத் திறக்கவே இல்லை. கன்னத்தைத் தொட விட்டதே பெரிது.

"முழிச்சிருக்கையில முடியாதுங்க. மயக்க மருந்து குடுத்துத்தான் எடுக்கணும்" என்றார் அந்த டாக்டரம்மா. "முதல்நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் பச்சைத் தண்ணிகூடக் கூடாது. வயித்துல எதாச்சும் இருந்தா மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போயிரும்."

எங்கள் தெருவில் தம்பிக்கு எல்லா அடுப்படியும் சொந்தம். விடிந்ததும் ஒவ்வொரு வாசலாக நிற்பான். யாரும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். பல் எடுக்க நாள் குறித்திருந்த செவ்வாய்க்கிழமை, நான் சேலை மாற்றிக்கொண்டிருந்த நேரம் அவனுக்குப் போதுமானதாக இருந்தது. மருத்துவமனையில் மயக்க மருத்துவர், "எதுவும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதும் மகிழ்ச்சியோடு, "இடியாப்பம்" என்றான்.

திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊர் திரும்பும் பேருந்தில் அறந்தாங்கி வரை கன்னத்தில் அறைந்துகொண்டே வந்தான். கையைப் பிடித்தால் இன்னொரு கையால் அறைந்தான்.

அன்று மாலை பக்கத்து வீட்டு லாத்தாவிடம் சொல்லி அழுதேன். மூத்த சகோதரியை அவர்கள் வீட்டில் அப்படித்தான் அழைப்பார்கள். எங்களுக்கும் அவர் லாத்தாதான். ரமலான் மாதத்தில் தம்பி அவர் வீட்டிலேயே கிடப்பான். அவரோடு சேர்ந்து நோன்பு பிடிப்பான். அத்தனை பசிக்காரன், நோன்பு என்றால் எச்சிலைக்கூட யோசித்துத்தான் விழுங்குவான்.

"நோன்புன்னு சொல்லு. வாயத் தொறக்க மாட்டான்" என்றார் லாத்தா.

"அங்க போயி வாயத் தொறக்கணுமே லாத்தா."

"அதுக்குத்தானே மயக்க ஊசி."

"ரமலான் இல்லையே. பொய் சொல்லவா?"

"பொய் எதுக்கு? திங்களும் வியாழனும் நான் நோன்பு வைக்கிறவதானே. டாக்டரம்மாகிட்ட வியாழக்கிழமையாக் கேளு. நானும் கூட வாரேன்."

அந்த வியாழன் காலை எதிர்வீட்டு வாசலைக் கடக்கும்போது தம்பி கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நோன்பு" என்று அவர்களுக்கு அறிவித்தான். மயக்க மருத்துவர் கேட்டபோதும் அதையே சொன்னான். ஊசி ஏறும்போது அவன் கை லாத்தாவின் கைக்குள் இருந்தது. கண் செருகியது. பல நாள்களுக்குப் பிறகு அவன் வலக்கை ஒரு வேலையும் இல்லாமல் படுக்கையில் கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நான் வெளியே வந்தேன்.

சொத்தையான இரண்டு கடைவாய்ப் பற்களை எடுத்திருந்தார்கள். நன்றாக விழித்த பின் வாயிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு நர்ஸ் தண்ணீர் கொடுத்தார். "குடிச்சு, வாந்தி இல்லாம இருந்தாத்தான் வீட்டுக்கு விடுவோம்."

தம்பி உதடுகளை இறுக்கிக்கொண்டான். கெஞ்சினேன். பல்லிடுக்கில், "நோன்பு" என்றான். வெளியே உச்சிவெயில். நோன்பு திறக்க மாலை பாங்கு சொல்ல இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

"ஒடம்பு முடியாதவங்களுக்கு நோன்பு இல்லடா தம்பி" என்றார் லாத்தா. அவன் அவர் வாயையே பார்த்தான். காலையிலிருந்து அந்த வாயும் நனையவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

"குடிக்காட்டி ட்ரிப்ஸ் போட்டு ராத்திரி வச்சிருக்கணும்" என்றார் நர்ஸ்.

லாத்தா என் கையிலிருந்த டம்ளரை வாங்கினார். மெல்ல பிஸ்மில்லா சொல்லி, அவனுக்குத் தெரியும்படி ஒரு வாய் குடித்தார். முந்தானையால் உதட்டைத் துடைக்கவில்லை.

"தொறந்தாச்சு. இந்தா, ஒனக்கு."

ஈர உதட்டைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தான். பிறகு குடித்தான், மிச்சம் வைக்காமல்.

"ஒங்க நோன்பு போச்சே லாத்தா."

"கடமையான நோன்பு இல்லம்மா இது. திங்கக்கிழமை வச்சுக்கிறேன்."

சொன்னபடியே வைத்தார். மாத்திரைக்காக அன்று காலையும் மதியமும் சாப்பிட்ட தம்பி, நோன்பு திறக்க மட்டும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தான். கஞ்சியை இடப்பக்கமாகவே விழுங்கிக்கொண்டிருந்தான். வலது கை கிண்ணத்தைப் பிடித்திருந்தது.