வாளி கேப்டனும் இருபத்தெட்டாயிரம் குஞ்சுகளும்

சரக்கு விமானம் ஓட்டும் அந்த மனிதரை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. வாளி என்றால் போதும். மற்ற விமானிகள் எரிபொருளைக் கரண்டியால் கேட்டால் இவர் வாளியால் கேட்பார் என்பது அதன் பொருள். முகத்துக்கு நேரே மட்டும் கேப்டன் சார்.

வீட்டிலும் அதே கதைதான். அலமாரியில் பதினெட்டு மெழுகுவத்தி, தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்கு இரண்டு. ஆறு மணி ரயிலுக்கு நாலு மணிக்கே போய் நடைமேடையில் குந்தியிருப்பார். "கல்யாணத்தன்னைக்கு மண்டபத்தைத் திறக்கிறதுக்கு முன்னாடியே வந்து வாசல்ல நின்ன மனுசன்" என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். ஆகாயத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு அடுத்த கடைக்கு ஓட முடியாது என்பது அவர் கட்சி.

அன்று காலை சரக்கு, பிறந்து ஒரு நாளான கோழிக்குஞ்சுகள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளில் இருபத்தெட்டாயிரம். குளிர்ந்த காற்று ஓடிக்கொண்டிருக்கும் வரை அவற்றுக்குக் கவலையில்லை. வெயிலில் தரையில் நிறுத்திப் போட்டால் மூன்று மணி நேரத்தில் பெட்டி பெட்டியாகச் சாகும். ஏற்றி முடித்து, எண்ணெய் லாரியும் போன பிறகு வாளிக்கு மனசு கேட்கவில்லை. லாரியைத் திரும்பக் கூப்பிட்டு, இன்னும் ஒன்றரை மணி நேரம் பறக்கக் காணும் அளவுக்கு ஊற்றச் சொன்னார். இருபத்தைந்து நிமிடம் போயிற்று. துணை விமானி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், கடிகாரத்தைப் பார்த்தாள்.

எட்டு மணி ஏழு நிமிடத்துக்கு, வழியில் தாண்ட வேண்டிய பக்கத்து நாட்டின் எல்லையை நெருங்கினார்கள். அந்த நாட்டுக் கட்டுப்பாட்டு அறைக்காரன் வானொலியில் நிதானமாகச் சொன்னான்: உங்கள் அனுமதி முடிந்துவிட்டது, உள்ளே வராதீர்கள்.

மீறி நுழைந்தால் போர் விமானம் வந்து பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அவன் சொல்கிற இடத்தில் இறங்க வேண்டியதுதான். வாளி மறுபேச்சில்லாமல் திருப்பி, சொந்த நாட்டுப் பக்கமே வட்டமடிக்க ஆரம்பித்தார். ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம்.

"அவசரம்னு சொல்லிட்டா விட்டுத்தானே ஆகணும் சார்?" என்றாள் துணை விமானி.

"நமக்கு என்னம்மா அவசரம்? ரெண்டு எஞ்சினும் ஓடுது, எண்ணெய் இருக்கு. இன்னைக்குப் பொய்யா புலி வருதுன்னா, நிஜப் புலி வர்ற அன்னைக்கு எவன் நம்புவான்?"

செயற்கைக்கோள் தொலைபேசியில் அலுவலகத்தைப் பிடித்தார். நாடு நாடாக எழுதிக் கேட்டு அனுமதி வாங்கும் வேலை அங்கே ஓர் அம்மாவுடையது. எடுத்த எடுப்பிலேயே எகிறினார்.

"என்னம்மா அனுமதி வாங்கினீங்க? நேத்தோட முடிஞ்சுபோச்சுங்கிறான்."

"சார், அது உலக நேரத்துல ஒரே ஒரு தேதிக்குக் குடுத்தது. நம்ம காலை எட்டு மணிக்கு உலக நேரத்துல அடுத்த தேதி பிறந்துடும். நீங்க ஏழு நாப்பத்திரண்டுக்குத் தாண்டுறதா இருந்துச்சு." அவள் குரல் உடைந்தது. "நான் இன்னும் ஒரு நாள் சேத்துக் கேட்டு வாங்கியிருக்கணும் சார்."

ஏழு நாற்பத்திரண்டோடு இருபத்தைந்தைக் கூட்ட வாளிக்குக் காகிதம் தேவைப்படவில்லை. முப்பது வருடமாக உலக நேரத்தில் குறிப்பு எழுதியவர், லாரியைக் கூப்பிட்டபோது மட்டும் உள்ளூர் நேரம் காட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அழாதீங்கம்மா. தப்பு என்னோடது. புது அனுமதி எப்போ கிடைக்கும்?"

"அந்த அதிகாரி பத்து மணிக்குத்தான் சீட்டுக்கு வருவாராம்."

அதிகாரிகள் எந்த நாட்டிலும் அதிகாரிகள்தான். பத்து மணி வரை சுற்ற எண்ணெய் போதாது. திரும்பினால் தரை, வெயில், குஞ்சுகள். மிச்சமிருந்தது கடல் வழி ஒன்றுதான். கரையை விட்டுத் தள்ளிப் போனால் அந்த வானம் யாருக்கும் சொந்தமில்லை. போய் இறங்கும் நாட்டின் அனுமதி இன்னும் இரண்டு நாளுக்குச் செல்லுபடியாகும். ஆனால் அறுபத்தைந்து நிமிடம் கூடுதல். நான்காவது சுற்று முடிவதற்குள் கிளம்பாவிட்டால் அதற்கும் எண்ணெய் காணாது.

துணை விமானி கணக்கைப் போட்டாள், அவர் சரிபார்த்தார். பிறகு அவர் போட்டார், அவள் சரிபார்த்தாள். நான்காவது சுற்றில் பாதை மாற்றம் கேட்டார்கள். சொந்த நாட்டுக் கட்டுப்பாட்டு அறை கொடுத்தது. விமானம் கடல் பக்கம் திரும்பியது.

நேரம் நீள நீள, அத்தனை உடம்பின் சூட்டுக்குக் குளிர்காற்று ஈடுகொடுக்கவில்லை. வழியெல்லாம் வாளி சரக்கு அறையின் வெப்பமானி ஒவ்வொரு பாகையாக ஏறுவதையே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பயமாக இருந்தது. எண்ணெயை நினைத்து அல்ல.

இறங்கியதும் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடிப்போய் சரக்குக் கதவருகே நின்றார். கதவு திறந்தது. உள்ளே இருட்டு, சூடான தவிட்டு வாசனை, சத்தமே இல்லை. கதவு முழுக்க மேலே போனதும் வெயில் முதல் வரிசைப் பெட்டிகளின் மேல் விழுந்தது. ஒரு குஞ்சு கத்தியது. அப்புறம் அந்த வரிசை. அப்புறம் காது கிழிய அத்தனையும்.

அவர் கைப்பேசியை எடுத்து அந்த அம்மாவைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க சார்," என்றாள், பயந்த குரலில்.

கதவுப் பக்கம் கைப்பேசியைக் கொஞ்ச நேரம் நீட்டிவிட்டுத் திரும்பக் காதில் வைத்தார்.

"கேக்குதாம்மா?"

"கேக்குது சார். உசுரோடதான் இருக்கா எல்லாம்?"

"இருக்கு. உங்களையும் என்னையும் சேத்துத் திட்டுதுங்க. எனக்குக் கொஞ்சம் அதிகமா."

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அவர் கைப்பேசியை வைக்காமல், குஞ்சுகளின் பக்கம் இன்னொரு முறை நீட்டினார்.