ஹெல்மெட்டார் ஒதுக்கிய கயிறு

நாற்காலியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்து, இருக்கையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து, அதன் காலைப் பூட்ஸ் நுனியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஹெல்மெட்டார் உட்காருவார். காபியைக் கொடுத்தால் கோப்பையின் கைப்பிடியை அசைத்துப் பார்ப்பார். சந்தேகம் வந்துவிட்டால் சட்டைப் பையிலிருந்து சிவப்பு டேப் சுருள் வெளியே வரும். கைப்பிடியில் ஒரு சுற்று சுற்றி, "இதை இனிமே புழங்காதீங்க" என்று நம்மிடமே திருப்பிக் கொடுப்பார். காபி முழுவதும் அவர் வயிற்றுக்குள் போன பிறகுதான் இந்தத் தீர்ப்பு வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மரம் ஏறிக் கிளை கழிப்பது அவர் தொழில். கூரைமேல் சாய்ந்த கிளை, மின்கம்பியை உரசும் கிளை, இரண்டு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகக் காரணமான கிளை எல்லாம் கடைசியில் அவரிடம்தான் வந்து சேரும். தலையில் இருக்கும் மஞ்சள் ஹெல்மெட்டை அவர் கழற்றி எங்கள் தெரு பார்த்ததில்லை. முடிவெட்டும் கடைக்காரர் மட்டும் பார்த்திருக்க வேண்டும். அவரைக் கேட்டால், தொழில் ரகசியத்தை வெளியே சொல்வதில்லை என்கிறார்.

சாமான் விஷயமாக ஹெல்மெட்டாரிடம் வாயைக் கொடுத்தால் அன்றைய பொழுது போச்சு. எந்த மாதிரி பூட்ஸ் வாங்க வேண்டும் என்று தபால்காரரை எங்கள் வாசலில் நிறுத்தி வைத்து வகுப்பெடுத்தார். "இறுக்கமா இருந்தா கால் வலிக்கும். லூசா இருந்தா ஆளே கீழ வந்துருவான். வலிக்கிறதா பாத்து வாங்குங்க." தபால்காரர் சைக்கிளில் போகிறவர். மரம் ஏறும் உத்தேசம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் நொண்டிக்கொண்டே வந்து கடிதம் கொடுத்தார்.

கயிறு பற்றி அவருக்குத் தனிக் கொள்கை உண்டு. "கயிறை கண்ணால பாக்கக் கூடாது சார். கண்ணு கலரைப் பாத்து மயங்கிரும். கண்ணை மூடிக்கிட்டு விரலால பாக்கணும்." மரம் ஏறுவதற்கு முன்னால் அதைத்தான் செய்வார். கண்ணை மூடி, முகத்தை வானத்துக்குக் காட்டி, கயிற்றின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை விரலிடுக்கில் விட்டு நகர்த்துவார். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஏதோ ஜபம் செய்கிறார் என்று செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நிற்பார்கள். எங்காவது ஒரு இழை தடித்தோ மெலிந்தோ தட்டுப்பட்டால் போதும், அந்த இடத்தில் சிவப்பு டேப் ஏறிவிடும். டேப் ஏறியது அன்று சாயங்காலத்துக்குள் துண்டு துண்டாக வெட்டப்பட வேண்டும் என்பது அவர் சட்டம். முழுசாக விட்டுவைத்தால் என்றாவது ஒரு அவசரத்தில் யாராவது எடுத்து மாட்டிக்கொண்டு ஏறிவிடுவார்களாம். அப்படி அவர் வெட்டிப் போட்ட துண்டுகளில்தான் எங்கள் தெருவின் பாதி கேட்டுகள் கட்டப்பட்டிருக்கின்றன. எங்கள் வீட்டுத் திரைச்சீலையும் அதில்தான் தொங்குகிறது.

ரம்பம் பழுது பார்க்கும் கடைக்காரருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "என் கடையில அவர் வாங்கினதைவிட அடுத்தவங்களை வாங்கவிடாம பண்ணினதுதான் அதிகம்" என்பார். கடை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போகிறவர்களிடம் "மழுங்கின ரம்பத்தை மாத்தாம சாணை பிடிச்சே ஓட்டாதீங்க, அது செய்யாத வேலையை எல்லாம் உங்க தோள்பட்டைதான் செய்யும்" என்று சொல்வது அவர் வழக்கம். இந்தத் தோள்பட்டைச் சமாசாரத்தை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தொழில் வாழ்க்கைக்கும் அவரிடம் அறிவுரை இருக்கிறது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறக் கூடாது. காற்று ஓய்ந்ததும் ஏறக் கூடாது, அது மறுபடி வருமா என்று கொஞ்சம் காத்திருக்க வேண்டும். மரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டும். "கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற ஆளா, கையை நீட்டி அங்க வெட்டு இங்க வெட்டுன்னு நிக்கிற ஆளான்னு பாக்கணும். கட்டிக்கிட்டு நின்னா வேலை மதியத்துக்குள்ள முடியும். நீட்டினா மரமே நம்மளைப் பாத்துப் பரிதாபப்படும்." நான் இரண்டாவது ரகம் என்பதை முதல் சந்திப்பிலேயே அவர் கண்டுபிடித்துவிட்டார். அதைத் தெருவெல்லாம் சொல்லியும்விட்டார். எல்லாவற்றுக்கும் மேலான அறிவுரையைக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "வீட்ல சண்டை போட்ட அன்னிக்கு மரம் ஏறக் கூடாது சார். கயிறு அவ கையில இருக்கு."

அந்த 'அவ' அவருடைய மனைவி. மேலே ஹெல்மெட்டார் இருந்தால் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவர்தான். கணவர் பேசுவதில் நூற்றில் ஒரு பங்குகூடப் பேசமாட்டார். மரத்தில் இருக்கும்போது அவர்களுக்குள் பேச்சே கிடையாது. ஒரு இழுப்பு இழுத்தால் 'தளர்த்து' என்று அர்த்தம். இரண்டு இழுத்தால் 'என் பெல்ட்டைக் கிளையில் மாட்டிக்கொண்டேன், நீ கையை எடுக்கலாம்' என்று அர்த்தம். வீட்டிலும் இப்படித்தான், துண்டு வேண்டும் என்றால் கொடியை ஒரு இழுப்பு இழுப்பார் என்று அந்த அம்மாள் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த அம்மாளைப் பார்த்தால் கொஞ்சம் பயம். நான் கையை நீட்டி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் என்னைப் பார்க்கமாட்டார், என் கையைப் பார்ப்பார்.

அந்த அம்மாளுக்கும் மரம் ஏறத் தெரியும். ஹெல்மெட்டாரைவிட வயதும் எடையும் குறைவு. "நானும் ஏறுறேனே" என்று கேட்டபோதெல்லாம் ஹெல்மெட்டார் மறுத்ததில்லை. பெருந்தன்மையோடு புது பெல்ட் வாங்கி வருவார். வாங்கி வந்ததும் கண்ணை மூடித் தடவுவார். ஒன்றில் கொக்கி மூடும் சத்தம் சரியில்லை. இன்னொன்றில் தையல் நூல் அவரைப் பார்த்து முழித்தது. அடுத்ததில் குறையே அகப்படவில்லை. அதைக் கண்டு மிரண்டுபோய், குறையே இல்லாத பெல்ட்டை நம்பக் கூடாது என்று அதற்கும் டேப் சுற்றினார். "பொம்பளைங்க இடுப்புக்குன்னு எவனும் இன்னும் சரியா பெல்ட் தைக்கலை சார். தைக்கட்டும், மறுநாளே ஏத்திடறேன்" என்று என்னிடம் நாக்கில் நரம்பில்லாமல் சொன்னார். மனைவி பக்கத்திலேயே கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் நெருங்கியபோது எங்கள் கொல்லையில் இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தின் கிளை ஒன்று சமையலறைக் கூரைமேல் சாய்ந்தது. ஹெல்மெட்டார் வந்தார். முதல் காரியமாக எங்கள் ஏணிக்கு டேப் சுற்றினார். பிறகு கயிற்றைத் தடவினார், பெல்ட்டை மாட்டினார், முதல் கவட்டைவரை ஏறினார். அங்கே நின்று அடுத்த கிளையைப் பிடிக்க வலது கையைத் தூக்கினார். கை காது வரைக்கும் போய் நின்றுவிட்டது. நாங்கள் கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கையால் ஹெல்மெட்டைச் சொறிந்துகொண்டு, "இந்தக் கயிறு சரியில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். கயிற்றின் மேல் சிவப்பு டேப் ஏறியது.

அடுத்த முறை வந்தபோது அதே கவட்டையில் பெல்ட் சரியில்லாமல் போயிற்று. அதற்கடுத்த முறை காற்று சரியில்லை. மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லையே என்று நான் கையை நீட்டிச் சொன்னேன். "அசையாத காத்துதான் சார் ஆபத்து" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதர் நம் தலையில் மிளகாய் அரைக்கிறார், வேறு ஆளைப் பார்க்கலாம் என்று வீட்டுக்குள் வந்து குதித்தேன்.

"அவருக்குக் கை தூக்க வரலை. நீங்க எழுதத்தான் லாயக்கு, பாக்கத் தெரியாது" என்றாள் என் மனைவி.

அந்த அம்மாள் சமையலறையில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். வலது தோள் போய்ப் பல மாதமாகிறது. சட்டை மாட்டுவதற்கே இந்த அம்மாள் பின்னால் நின்று கையை இழுத்துவிட வேண்டுமாம். "அதைச் சொன்னா ஒத்துக்கமாட்டாரு. நல்ல நல்ல கயிறை எல்லாம் கொன்னுக்கிட்டு இருக்காரு. ஏற முடியலைன்னு ஒருவாட்டி வாயால சொல்லிட்டா, அப்புறம் காலைல எதுக்கு எழுந்திரிக்கணும்னு கேப்பாரு. சொல்லாம வீம்புக்கு ஏறி, அந்தக் கை நடுவுல விட்டுருச்சுன்னா நான் கீழ கயிறைப் பிடிச்சுக்கிட்டு என்ன பண்றது?" இதைக் கேட்ட பிறகு எனக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கிளை விழுந்தால் கூரையோடு போகும், அதைக் கட்டிக்கொள்ளலாம்.

மறுபடியும் வந்த அன்று வானம் கறுத்திருந்தது. ஹெல்மெட்டார் வழக்கம்போல் மரத்தைச் சுற்றிவந்து அடிமரத்தைத் தட்டி என்னிடம் விளக்கிக்கொண்டிருந்தார், மரத்தில் எந்த முடிச்சு எந்த வருஷத்துப் புயலில் வந்தது என்று. பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அவர் மனைவி சாக்குப்பையை அவிழ்த்தார். உள்ளேயிருந்து ஒரு ஹெல்மெட் வந்தது, தலையில் மாட்டினார். ஒரு பெல்ட் வந்தது, இடுப்பில் மாட்டினார். பெல்ட்டில் சிவப்பு டேப். அப்புறம் கயிறு வந்தது. இதே கவட்டையில் சரியில்லாமல் போன கயிறு, அதே டேப்போடு. ஒதுக்கியதை வெட்டுவதற்கு அரிவாளை ஓங்க வேண்டும். ஓங்க முடியாததால் கொஞ்ச நாளாக அந்த வேலையை ஹெல்மெட்டார் மனைவியிடம் விட்டிருந்தார். அந்த அம்மாள் வெட்டாமல் சுருட்டி வைத்திருக்கிறார்.

"அது ஒதுக்கின கயிறு" என்றார் ஹெல்மெட்டார்.

"தெரியும்."

"டேப் கண்ணுக்குத் தெரியலையா?"

"நல்லாத் தெரியுது." சொல்லிக்கொண்டே கயிற்று நுனியில் மணல் பையைக் கட்டி வீசினார். ஒரே வீச்சில் அது உயரக் கவட்டையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கியது. ஒரு நுனியைத் தன் பெல்ட்டில் மாட்டினார். மறு நுனியைக் கொண்டுவந்து கணவரின் கையில் வைத்தார்.

"என்ன விளையாட்டு இது? கழட்டு அதை."

"கழட்டிடறேன். கயிறு கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க, இப்பவே கழட்டிடறேன். அரிவாளும் கொண்டாந்திருக்கேன், இங்கயே உக்காந்து நறுக்கிடலாம்." அவருடைய குரல் உயரவே இல்லை. "நல்லா இருக்குன்னா அதையும் சொல்லிடுங்க. நான் ஏறணும்."

ஹெல்மெட்டார் என்னைப் பார்த்தார். எங்கள் தெருவில் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த மனிதர் முதல்முறையாக என்னிடம் எதையோ கேட்பதுபோல் இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டேன். அந்த அம்மாள் மரத்தில் ஒரு காலை வைத்துவிட்டுக் காத்திருந்தார். கெட்டது என்றால் அவர் இறங்கிவிடுவார். அப்புறம் இன்னொரு கயிறு, இன்னொரு கவட்டை, அந்தக் கை. நல்லது என்றால் இத்தனை நாளும் சரியில்லாமல் இருந்தது எது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அவர் கண்ணை மூடினார். முகத்தை வானத்துக்குக் காட்டி, கயிற்றைக் கைக்கு எட்டிய இடத்திலிருந்து விரலிடுக்கில் விட்டு நகர்த்தினார். மனைவி பக்கம் போய், தரையில் தளர்ந்து கிடந்ததையும் விடாமல் அவருடைய பெல்ட் வரைக்கும் தடவினார். டேப் சுற்றிய இடத்துக்கு வந்தபோது விரல் அங்கேயே கொஞ்சம் நின்றது. பெல்ட் தையலையும் தடவினார். கொக்கியைத் திறந்து மூடி அதன் சத்தத்தைக் கேட்டார்.

"கயிறு நல்லா இருக்கு" என்றார். குரல் யாருடையதோ போல வந்தது.

"பெல்ட்டு?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு."

ஹெல்மெட்டார் மனைவியின் ஹெல்மெட் வாரை ஒரு துளை இறுக்கிவிட்டு, தன் பக்கத்து நுனிக்கு வந்து நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார். மனசாரச் சொல்கிறேன், எனக்கு அந்த அம்மாள் ஏறியதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அலட்டல் இல்லை, ஹெல்மெட்டைச் சொறிதல் இல்லை. அவர் ஏற ஏற ஹெல்மெட்டார் இடது கையால் இழுத்து, வலது கையை இடுப்போடு ஒட்டி வைத்துக் கயிற்றை வாங்கிக்கொண்டே இருந்தார். "இடது கால், இடது கால்" என்று முணுமுணுத்தார். மேலே இருந்தவருக்கு அது கேட்டிருக்காது. இழுத்த இழுப்பில் சிவப்பு டேப் சுற்றிய இடம் உயரக் கவட்டையைத் தாண்டி மெல்ல இந்தப் பக்கம் இறங்கி அவர் முகத்துக்கு நேரே வந்தது.

அப்போது கயிறு இரண்டு முறை இழுபட்டது. மேலே பெல்ட்டை மாட்டியாயிற்று, கையை எடுக்கலாம். ஹெல்மெட்டார் எதிரே இருந்த டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பி, சுற்றுச் சுற்றாகப் பிரித்தெடுத்தார். பிரித்ததை இடது கையால் தன் வலது தோளில் ஒரு சுற்று சுற்றி, ஒட்டாமல் நின்ற நுனியைத் தாடையால் அழுத்தினார்.