வானத்தைத் தரையில் கொட்டினேன்

ஸ்லைடு புரொஜக்டர் ஓட்டுவது ஒரு மாதிரியான தொழில்: எல்லாம் ஒழுங்காக ஓடினால் ஒருவரும் நம்மைத் திரும்பிப் பார்க்கமாட்டார், ஒரு படம் முன்பின் மாறினால் அரங்கமே திரும்பும். மைக்செட் நண்பர்களே, உங்களுக்குத் தெரியாததா!

அப்போது எனக்குக் கே.கே. நகரில் போட்டோ ஸ்டுடியோ. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில், ஓய்வுபெறும் வானியல் பேராசிரியரைப் பாராட்டி அவருடைய பழைய மாணவர்கள் கருத்தரங்கு நடத்தினார்கள். காதுகுத்துப் படம் எடுக்கிறவனுக்கு வானத்தையே திரையில் காட்டும் வாய்ப்பு! சந்தோஷத்தில் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டேன்.

கூடவே வந்த நட்சத்திரம்

வானியல்காரர்கள் நெகட்டிவை அப்படியே காட்டுவார்கள்; வெள்ளை வானம், கறுப்பு நட்சத்திரம். முதலில் பேசிய இளம் விரிவுரையாளரின் படத்தில், ஓரமாக மங்கலான கரும்புள்ளி ஒன்று. அவர் அதையும் குச்சியால் தொட்டு ஏதோ விளக்கினார். அடுத்த படத்திலும் அது இருந்தது, அதற்கடுத்ததிலும். முன்வரிசையிலிருந்த பேராசிரியர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, வானத்துல எங்க போனாலும் இது நம்ம கூடவே வருதே, புரொஜக்டர் கண்ணாடியைக் கொஞ்சம் தொடைங்க."

மறந்த வளையம்

மதியம் பேராசிரியரின் நிறைவுரை. அவருடைய ஆயுசு உழைப்பெல்லாம் ஒரு வட்டத் தட்டு ஸ்லைடுகளில். படபடப்பில், ஸ்லைடுகள் விழாமல் பிடிக்கும் மேல்வளையத்தைப் பூட்ட மறந்து தட்டைச் சாய்த்துத் தூக்கினேன். அத்தனையும் தரையில் கொட்டின. எதிலும் எண் இல்லை. கல்யாணப் படமென்றால் தாலிக்குப் பிறகு பந்தி என்று அடுக்கிவிடுவேன்; புள்ளிகளை எப்படி அடுக்குவது? பெரிய மனிதரின் கடைசி உரையைக் கெடுத்துவிட்டேனே என்று அவரிடமே போய்ச் சொன்னேன்.

பழைய மாணவர்கள் ஓடிவந்து தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பார்த்ததும் சின்னப் பிள்ளைகள் மாதிரி, "இது என்னுது! இது என்னுது!" என்று ஒரே கூச்சல். நரைத்த தலையோடு ஒரு பேராசிரியை ஒரு ஸ்லைடை விடவே இல்லை.

"இதை எங்க பார்த்தாலும் தெரியும்ணே, மேகம் எப்பய்யா விலகும்னு அம்புட்டுக் குளிருல காத்துக்கிடந்தவ நானு."

யார் எடுத்த படம்

உரையின் வரிசைப்படி அடுக்க நேரமில்லை; யார் யார் எடுத்தது என்ற வரிசையில்தான் அடுக்க முடிந்தது. மேடையேறிய பேராசிரியர் தட்டச்சு செய்த உரையை மடித்துப் பையில் வைத்தார். படம் விழ விழ, எடுத்தவரை மேடைக்கு அழைத்துப் பேசச்சொன்னார். ஒவ்வொருவருக்கும் கைதட்டல் அரங்கை அதிரவைத்தது. எனக்கோ புல்லரித்துப் போய், ஒரு தடவை பொத்தானை அழுத்தக்கூட மறந்துபோனது. முடிந்ததும் பேராசிரியரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"மன்னிப்பு நான்தான் கேக்கணும் தம்பி, இம்புட்டுப் படமும் நான் எடுத்ததுன்னுதான் அந்த உரையில எழுதி வச்சிருந்தேன்."

வேலையை ஒழுங்காகச் செய்து நான் வாங்கிய நல்ல பெயரையெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு தவறுக்கு ஈடாகாது என்றாலும், அதைச் சொல்லி அடுத்த ஆர்டர் பிடிக்க முடியவில்லை.