அரிசியில் செய்த இரண்டு பேர்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே எனக்கு டைப்பிங் கடை. ராஜபாளையத்திலிருந்து காலையில் பஸ்ஸேறிப் போய், பிரிய நினைக்கும் புருஷன் பெண்டாட்டிகளின் மனுக்களை மாலைவரை அடித்துத் தள்ளுவேன். பக்கம் பக்கமாகப் பேச்சு. அதனாலோ என்னவோ, திரும்பும்போது போனில் பேச்சே இல்லாத படங்களைத்தான் தேடுவேன். எங்கோ யாரோ மணலையோ காகிதத்தையோ மாதக்கணக்கில் நகர்த்தி நகர்த்திச் செய்து, நூறு பேர்கூடப் பார்க்காமல் கிடக்கும் குட்டி அனிமேஷன் படங்கள். நாலே நிமிஷத்தில் ஒரு குடும்பத்தின் வண்டவாளம் தெரிந்துவிடும். நான் அடிக்கும் இருபது பக்கத்தில் அது வருவதில்லை.

போன வருஷம் சேத்தூரில் மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தோம். மகளை எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று அவன் தன் அக்காவிடம், அதாவது என் மனைவியிடம் கேட்டான்.

"அவளுக்கு என்ன தெரியும், என்னையக் கேளு" என்றேன்.

நாக்கில் சனி. அதன்பின் நாலு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது.

ஐந்தாம் நாள் கடையிலேயே ஒரு மன்னிப்புக் கடிதம் அடித்துக் கொண்டுவந்தேன். பழக்கதோஷம், "மேற்படி சம்பவத்தின்போது" என்று ஆரம்பித்திருந்தது. அவளை எதிர்மனுதாரர் என்றே குறிப்பிட்டிருந்தேன். படித்துவிட்டு, அடியில் பேனாவால் "தள்ளுபடி" என்று எழுதித் திருப்பித் தந்தாள்.

வேறு வழி தெரியாமல், எனக்கு ரொம்பப் பிடித்த படம் ஒன்றைப் போட்டு அவள் முன்னால் வைத்தேன். அரிசிமணிகளால் செய்த ஓர் ஆண், ஒரு பெண். சண்டை போட்டு ஒரே குவியலாகச் சரிகிறார்கள். கலந்துபோன அந்தக் குவியலிலிருந்தே மறுபடி எழுந்து ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன்.

அவள் ஒரே தடவைதான் பார்த்தாள்.

"அவன் மூக்குல ஒரு செவப்பரிசி இருந்துச்சுல்லா, அது இப்ப அவ குதிங்கால்ல இருக்கு. நசுங்கிரக் கூடாதுன்னு அந்தக் காலை ஊனாம நடக்கா."

திரும்பப் போட்டேன். உண்மைதான், நொண்டிக்கொண்டுதான் போகிறாள். இத்தனை நாளும் அதைப் படமெடுத்தவரின் கைப்பிசகு என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அன்று சொன்னது தப்பு என்றேன். நான் அடித்த கடிதத்தில் அந்த ஒரு வரி இல்லை.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? எந்தம்பி முன்னாலல்லா சொன்னீங்க. அங்க வந்து சொல்லுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சேத்தூருக்குப் போய், காபி வருமுன்பே மச்சினனிடம் சொன்னேன்: நான் பேசியது தப்பு, படிப்பு விஷயத்தை உன் அக்காவிடமே கேள். அவன் திருதிருவென்று விழித்துவிட்டு அவளிடம் கேட்டான். அவள் அவன் மகள் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, ஒனக்கு என்ன படிக்க ஆசை?"

அதுவரை நாங்கள் இரண்டு ஆண்களும் அந்தப் பிள்ளையிடம் அதைக் கேட்டிருக்கவே இல்லை.